எலி வராத கை

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

இங்கே நான் நலம். அடுத்த வரியில் உன் நலமறிய ஆவல் என்று எழுத வேண்டும். பேனா போக மாட்டேன் என்கிறது. நல்ல செய்தி வரும் என்ற நம்பிக்கை உள்ளவர்கள் ஆவலாக இருக்கலாம். எனக்கு இருப்பதற்கு ஆவல் என்று பெயர் இல்லை.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நாம் நாலு வார்த்தை பேசுவதற்குள் சண்டை வந்துவிடும். சண்டை வந்தால்கூடப் பரவாயில்லை. போன வாரம் நான், ஒரு ரெக்கார்டிங் வந்திருக்கிறது, டிக்கெட்டைத் தள்ளிப் போட்டுவிட்டேன், உன் ஆபரேஷனுக்கு முந்தின நாள் வந்து சேர்ந்துவிடுவேன் என்று சொன்னபோது நீ "சரிங்க" என்றாய். அதற்குமேல் ஒன்றும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து நீ எனக்கு ஒற்றை வார்த்தையில் சரி சொன்னது கிடையாது. ஒரு சட்டை வாங்கினால்கூட "சரி, ஆனா" என்று ஆரம்பித்து, காலரில் தொடங்கி என் அம்மாவின் குணம்வரை போய்விட்டுத்தான் நிற்பாய். அன்றைக்கு அந்த "ஆனா" வரவில்லை. அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

கீழ் வீட்டு டீச்சர், தன் மகனைப் பார்க்க நாளைக்கு நீ இருக்கும் ஊருக்குக் கிளம்புகிறார். அவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உன் கையில்தான் கொடுக்க வேண்டும், உன் அண்ணன் கையில் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. நம் வீட்டில் பேசுவதெல்லாம் அவருக்குக் கூரை வழியாகத்தான் எத்தனையோ வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறதே.

முதலில் வீட்டு விஷயம். குளியலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது. வீட்டுச் சொந்தக்காரர் அடுத்த மாதம் காலி செய்தால் போதும் என்றார். அதைச் சொல்லும்போது சுவரில் நான் ஆணி அடித்த இடங்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். உன் புடவைகளையும் ஆபீஸ் காகிதங்களையும் பெட்டியில் கட்டிவிட்டேன். எது எந்தப் பெட்டியில் என்று மேலேயே எழுதியிருக்கிறேன். நான் செய்த வேலையில் நீ குறை கண்டுபிடிப்பதாக இருந்தால் பெட்டியின் கயிற்றில்தான் கண்டுபிடிக்க முடியும்.

அடுத்தது என் அறை. "இங்க இருக்கறதே ரெண்டு ரூம், அதுல ஒண்ணை பீரோ பிடிச்சுக்குது. ஏதாச்சும் ஒரு கிட்டாரை மட்டும் எடுத்துக்கிட்டு வாங்க, மத்ததை என்னமோ பண்ணுங்க" என்று சொல்லியிருந்தாய். என்னமோ பண்ணிவிட்டேன்.

ஃப்ரிட்ஜோட தம்பி என்று நீ பெயர் வைத்திருந்தாயே, அந்தப் பெரிய ஆம்ப்ளிஃபயர், அது போய்விட்டது. ஹோட்டலில் சாயங்காலம் வாசிக்கும் ஒருவன் வந்து எடுத்துக்கொண்டான். உள்ளே வால்வ் இருக்கிறது, போட்டவுடன் கத்தாது, சூடாகும்வரை கொஞ்சம் பொறுக்க வேண்டும் என்றேன். "பரவால்ல அங்கிள், நான் சும்மா பின்னாடி வெச்சுக்கத்தான். பார்த்தா கெத்தா இருக்கும். சவுண்டு எல்லாம் போன்லேர்ந்தே வந்துடும்" என்றான். மாடிப்படியில் அதை இறக்கும்போது நான் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டேன். இடுப்பு இன்னும் வலிக்கிறது.

பன்னிரண்டு தந்தி கிட்டாரை ஒரு காப்பிக் கடைக்காரர் வாங்கினார். சுவரில் மாட்டப் போகிறாராம். அதற்குச் சுருதி சேர்த்துக் கொடுக்க நான் உட்கார்ந்தபோது, தந்திகளையெல்லாம் கழற்றிவிடச் சொன்னார். "வர்ற கஸ்டமர் யாராச்சும் எடுத்து வாசிச்சுத் தொலைச்சுடுவாங்க சார்" என்றார். கழற்றிக் கொடுத்தேன். எத்தனையோ பாட்டுகளின் ஆரம்பத்தில் மழை தொடங்குவதுபோல ஒரு சத்தம் வருமே, அது இதுதான் என்று அவரிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். அவர் அதற்குள் சுவர் ஆணிக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தார்.

சிவப்பு எலெக்ட்ரிக் கிட்டாரை விற்கும்போது மட்டும் கொஞ்சம் சிரித்தேன். அதற்கு ஒரு வியாதி உண்டு. ஸ்டூடியோவில் விளக்குக்கும் மின்கம்பிக்கும் நேராக உட்கார்ந்தால் வண்டு மாதிரி முரலும். நாற்காலியைத் திருப்பிக்கொண்டே போனால் ஏதோ ஒரு திசையில் சட்டென்று அடங்கிவிடும். நான் படித்த இயற்பியல் எனக்கு உபயோகப்பட்டது இந்த ஒரு விஷயத்தில்தான். அந்தத் திசை எப்போது பார்த்தாலும் சுவரைப் பார்த்தே இருக்கும். நம் காலத்துக் காதல் பாட்டுகளில் பாதியை நான் எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, சுண்ணாம்பு உரிந்த சுவரைக் காதலித்து வாசித்தேன். உன் அண்ணன் தன் சிநேகிதர்களிடம் என்னைப் பற்றி, "மாப்ள எலெக்ட்ரிக் லைன்ல இருக்கார்" என்று சொல்லிவைத்து, அதில் ஒருவர் என்னைப் பந்தியிலிருந்து எழுப்பி மின்விசிறியைப் பார்க்கச் சொன்னாரே, அந்த லைன் இதுதான். நீ அப்போது சிரித்தாய். நான் மறந்துவிட்டேன் என்று நினைக்காதே.

காலால் மிதித்துக் கிட்டார் சத்தத்தை மாற்றும் பெடல்களை ஒரு பையில் போட்டு அதே ஹோட்டல்காரனுக்குக் கொடுத்தேன். இரண்டில் பேட்டரி கசிந்து பச்சை பூத்திருந்தது. மிதித்தால் கீச்சென்று கத்தும் பெடலையும் சேர்த்தே கொடுத்தேன். அது கத்தும் என்று சொல்லவில்லை. என்னை அங்கிள் என்று கூப்பிட்டவனுக்கு அவ்வளவாவது இருக்கட்டும்.

உன்னிடம் கொண்டுவருவதற்காக எடுத்துவைத்தது பழுப்புக் கிட்டார். இரும்புத் தந்தி போட்டது. மற்றதெல்லாம் வேலைக்கு வாங்கியது, இதை வைத்துத்தான் வேலையே வாங்கினேன். டிக்கெட்டை நான் ஏன் தள்ளிப் போட்டேன் என்பதும் இந்தக் கிட்டார் கதைதான். உனக்குப் பாதி தெரியும், மீதியைச் சொல்கிறேன்.

ஆர்மோனியத்தை உனக்குத் தெரியும். ஒரு கையால் விசிறிக்கொண்டே பேசுவதால் அவனுக்கு நாங்கள் வைத்த பெயர். இப்போது அவன் இசையமைப்பாளர், வெளியே எல்லாரும் சார் என்கிறார்கள். நம் வீட்டுத் தரையில் படுத்து, உன் கையால் சாப்பிட்டு, "அண்ணி, நான் மேல வந்தா இவனை விட மாட்டேன்" என்றவன். மேலே வந்தான். விடவும் இல்லை, சொன்ன சொல் சொன்னபடி. என்னைக் கூப்பிட்டு, "உன் வாசிப்பு காலத்துக்கும் நிக்கணும்டா" என்று கண் கலங்கச் சொல்லி, இந்தப் பழுப்புக் கிட்டாரில் ஒவ்வொரு தந்தியிலும் ஒவ்வொரு சுரமாக மெதுவாக, கொஞ்சம் ஓங்கி, நன்றாக ஓங்கி என்று நாள்கணக்கில் வாசிக்கவைத்துப் பதிவு செய்தான். பாட்டு கிடையாது. ஒரு சுரம், பிறகு அது செத்துப் போகும்வரை மூச்சுவிடாமல் காத்திருப்பது, பிறகு அடுத்த சுரம். வீட்டுக்கு வந்து உன்னிடம், தையல்காரன் அளவெடுப்பதுபோல என்னை அளக்கிறார்கள் என்று பெருமையாகச் சொன்னேன். நீ மட்டும்தான், "அளவு எடுத்துட்டாங்கன்னா அப்புறம் ஆள் எதுக்கு?" என்று கேட்டாய். உனக்கு இசையைப் பற்றி என்ன தெரியும் என்று நான் திருப்பிக் கேட்டேன்.

அதன் பிறகு நடந்ததை நீயும் கூட இருந்து பார்த்தாய். அந்தச் சுரங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் அடுக்கி வியாபாரம் ஆக்கிவிட்டான். கீபோர்டில் விரலை வைத்தால் என் கிட்டார் வரும். எவன் வைத்தாலும் வரும். எனக்கு வரும் போன் நின்றது. ஒரு நாள் உனக்கு மாத்திரை வாங்க நிற்கும்போது, மருந்துக் கடை டிவியில் மூட்டுவலித் தைலத்துக்கு என் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தது. அந்தத் தைலத்துக்கு நான் வாசித்ததே இல்லை. கடைக்காரர் மாத்திரையைக் கத்தரித்துக்கொண்டே அந்த மெட்டை முணுமுணுத்தார். அந்த வருஷம்தான் உனக்குப் பதவி உயர்வோடு மாற்றல் வந்தது, நீ மறுக்காமல் போனாய். மறுக்கச் சொல்லும் நிலையில் நானும் இல்லை. இதையும் உன்மேல் குறையாகத்தான் வைத்திருந்தேன்.

போன வாரம் அவனே கூப்பிட்டான். உதவியாளன் இல்லை, அவனே. "டேய், எல்லாரும் வாங்குறாங்கடா, ஆனா உயிர் இல்லைங்கறாங்க. எலியை எல்லாம் நாங்க வெட்டித் தூக்கிட்டோம்ல, அதான். இப்ப எலிதான் வேணும். நீ வந்து எலி மட்டும் கொடுத்துட்டுப் போ" என்றான்.

எலி என்றால் உனக்குப் புரியாது. தடித்த தந்திகளின்மேல் மெல்லிய கம்பி சுற்றியிருக்கும். இடது கை ஒரு இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகும்போது விரல் அதில் உரசினால் கீச் என்று ஒரு சத்தம் வரும். அதற்குத்தான் எங்கள் ஸ்டூடியோவில் எலி என்று பெயர். பெயர் வைத்தவர் பழைய சவுண்ட் இன்ஜினியர், எல்லாரும் காது என்று கூப்பிடுவோமே, அந்த மனுஷர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, "தம்பி, உள்ள எலி ஓடுது. விரட்டிட்டு வாசி" என்பார். நாற்பது வயலின்காரர்கள் வில்லை இறக்கிவிட்டு என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். மறுபடி முதலிலிருந்து. அந்த அவமானத்துக்குப் பயந்து விரல் நுனியில் எண்ணெய் தடவினேன், புதுத் தந்தியைத் துணியால் தேய்த்துத் தேய்த்துப் பழசாக்கினேன், கடைசியில் விரலை இழுக்காமல் நேராகத் தூக்கி நேராக வைக்கக் கற்றுக்கொண்டேன். பஸ்ஸில் உன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேனே, கல்யாணமான புதிதில், அது முழுக்க ஆசை இல்லை. உன் முழங்கைக்குக் கீழே அந்தத் தூக்கி வைப்பதைத்தான் பழகிக்கொண்டிருந்தேன். நீ வெட்கப்பட்டு ஜன்னலைப் பார்ப்பாய்.

நான் போகாமல் இருந்திருக்கலாம். போனை வைத்திருக்கலாம். ஆனால் உன் வீட்டு வாசலில் வந்து நிற்கும்போது, சும்மா இருந்தவன் வந்தான் என்று இருக்கக்கூடாது, வேலையை முடித்துவிட்டு வந்தான் என்று இருக்க வேண்டும் என்று ஓர் எண்ணம். உன் அண்ணன் கதவைத் திறப்பார் என்று தெரியும். அவர் முகத்துக்காகத்தான் இந்த ஏற்பாடு. அதனால் டிக்கெட்டை மாற்றிவிட்டு நேற்றுக் காலையில் போனேன்.

இப்போது அங்கே உள்ள இன்ஜினியருக்குத் தாடி இருக்கிறது, காது எப்படி என்று தெரியவில்லை. மரியாதையான பையன்தான். மைக்கை என் இடது கைக்குப் பக்கத்தில் வைத்தான். அது எனக்குப் புதிது. ஆயுசு முழுக்க மைக் வலது கைப் பக்கம்தான் இருந்திருக்கிறது. "சார், வலது கை வேணாம். இடது கையை மட்டும் நகர்த்துங்க" என்றான். நகர்த்தினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இன்னொரு முறை என்றான். இன்னொரு முறை நகர்த்தினேன். வால்யூமைக் கூட்டிக் கேட்டார்கள். என் மூச்சு கேட்டது, நாற்காலி கேட்டது, சட்டை பொத்தான் கிட்டாரில் தட்டுவது கேட்டது. எலி மட்டும் இல்லை.

வேண்டுமென்றே உரசிப் பார்த்தேன். அப்படிச் செய்தால் கத்தியைத் தீட்டுவதுபோல வருகிறது, எலி மாதிரி இல்லை. எதையாவது வாசித்தால் தானாக வரும் என்று ஒரு பழைய பாட்டை ஆரம்பித்தேன். விரல்கள் தாமாகவே எழும்பி, தாமாகவே இறங்கின. ஒரு சத்தம் இல்லை. ஆர்மோனியம் உள்ளே வந்து விசிறிக்கொண்டே சொன்னான்: "உன்கிட்ட எலியே இல்லையேடா! என்னடா இது, இவ்வளவு சுத்தமா வாசிச்சா எப்படி?" அவன் திட்டினானா பாராட்டினானா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. காது உயிரோடு இருந்திருந்தால் இதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்திருப்பார்.

பிறகு ஆர்மோனியம் தன் மைத்துனனைக் கூப்பிட்டான். கணக்கு பார்க்கிறவன். கல்யாண வீடுகளில் இரண்டே பாட்டு வாசிப்பானாம், ஆள் அதற்குள் சந்தனக் கலரில் சட்டை போட்டுக்கொண்டு தயாராக நிற்கிறான். எலிகள் முன்பு எடுத்த சுரங்களோடு ஒட்ட வேண்டும், அதனால் இதே கிட்டாராகத்தான் இருக்க வேண்டும் என்றார்கள். மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவன் முதல் தடவை கையை நகர்த்தினான். ஒரு எலி இல்லை, குடும்பத்தோடு ஓடியது. இன்ஜினியர் பையன் துள்ளி எழுந்து, "சூப்பர் சார், அப்படியே!" என்றான். ஆர்மோனியம் என் தோளில் கை வைத்து, "தப்பா எடுத்துக்காதே" என்றான்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், நீ எப்படியும் கேட்பாய். கோபித்துக்கொண்டு நான் எழுந்து போகவில்லை. அந்தக் கணக்குக்காரன் கை வியர்த்து, எலி மங்க ஆரம்பித்தது. என்னால் பொறுக்கவில்லை. "கையைத் துடைச்சுக்குங்க. தூக்காதீங்க, இழுங்க. கட்டை விரலை அழுத்தாம விடுங்க" என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தேன். தொழில் அப்படி. என் கண் முன்னால் ஒரு சத்தம் மோசமாகப் பதிவாவதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

அப்போதுதான் உன் அண்ணன் போன் செய்தார்.

வராந்தாவுக்குப் போய் எடுத்தேன். "வணக்கம் மாப்ள, நல்லா இருக்கீங்களா? வேலையா இருக்கும்போது தொந்தரவு பண்ணிட்டனா?" என்றார். இத்தனை வருஷத்தில் உன் அண்ணன் என் வேலையை வேலை என்று சொன்னதில்லை. அன்பாகப் பேசினார். டாக்டர்கள் புது ஸ்கேனைப் பார்த்துவிட்டு ஆபரேஷனை இந்த வெள்ளிக்கிழமைக்கே கொண்டுவந்துவிட்டார்கள் என்றார். "ஒண்ணும் இல்ல மாப்ள, சும்மா சீக்கிரம் பண்ணிடலாம்னு. உங்களுக்குச் சௌகரியப்பட்டா வாங்க" என்றார். சௌகரியப்பட்டா. உன் அண்ணன் வாயிலிருந்து. ஏதாவது திட்டுவார் என்று போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். "உடம்பைப் பார்த்துக்குங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அங்கிருந்து நேராக ரயில் நிலையத்துக்குப் போனேன். கிட்டார் அந்தக் கணக்குக்காரன் மடியிலேயே இருக்கிறது. ஆர்மோனியம் விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறான், நான் எடுக்கவில்லை. நான் எதையோ துறந்துவிட்டு வருகிறேன் என்று நீ உருகிவிடாதே. நான் அவ்வளவு நல்லவன் இல்லை. அவனை விட்டே அதைப் பெட்டியில் போட்டு, அவன் செலவில், அங்கே அனுப்பவைப்பேன். ஒரு கீறல் இருந்தாலும் ஊரைக் கூட்டுவேன். அதெல்லாம் பிறகு.

நேற்றுச் சாயங்காலம் உன்னைக் கூப்பிட்டேன். வெள்ளிக்கிழமை என்று நீ சொல்வாய் என்று காத்திருந்தேன். நீ சாப்பிட்டீங்களா என்று கேட்டாய். குழாய் ஒழுகுவது நின்றதா என்று கேட்டாய். ஸ்கேனைப் பற்றி ஒரு சொல் இல்லை. தெரியும் என்று நானும் சொல்லவில்லை. ரெக்கார்டிங் நன்றாகப் போகிறது என்றேன். ஒரே வீட்டில் இருந்திருந்தால் இந்தப் பொய்யில் ஒன்றுகூட ஒரு நிமிஷம் நின்றிருக்காது.

இன்றைக்கும் நாளைக்கும் எந்த வண்டியிலும் இடம் இல்லை. கெஞ்சிப் பார்த்தேன், கூச்சல் போட்டும் பார்த்தேன். வியாழக்கிழமை ரயிலில் கிடைத்திருக்கிறது. வெள்ளிக்கிழமை காலையில் அங்கே வந்துவிடும், ஆனால் அது சொன்ன நேரத்துக்கு வந்ததாக ஒருவரும் சொல்லவில்லை. அதனால் நீ எனக்கு ஒரு காரியம் செய்ய வேண்டும். டாக்டரிடம் போய், உனக்கு முன்னால் வேறு யாரையாவது உள்ளே கூப்பிடச் சொல். கூச்சப்படாதே. உன் ஆபீஸில் மேலதிகாரியிடம் பேசும் குரல் ஒன்று வைத்திருக்கிறாயே, அதில் கேள். என் வீட்டுக்காரர் வந்துகொண்டிருக்கிறார், அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் படுப்பேன் என்று சொல்.

உன் அண்ணனிடமும் சொல்லிவை. என்னிடம் மரியாதையாகப் பேச வேண்டாம். ஆஸ்பத்திரி வாசலில் என்னைப் பார்த்ததும், "வந்துட்டார்யா துரை, சாவகாசமா" என்று நாலு பேர் முன்னால் கத்தட்டும். அவர் கத்தினால்தான் எனக்கு உயிர் வரும். ஆயுசு முழுக்கக் கேட்டுக்கொள்கிறேன், ஒரு வார்த்தை திருப்பிச் சொல்ல மாட்டேன்.

அதன் பிறகு அவரை வீட்டுக்குப் போய்த் தூங்கச் சொல். அந்தக் கதவுக்கு வெளியே நான் உட்கார்ந்துகொள்கிறேன். எங்கள் தொழிலில் வாசிப்பது கொஞ்ச நேரம்தான், மீதியெல்லாம் ரெக்கார்டிங் முடிந்து கதவின்மேல் சிவப்பு விளக்கு அணையும்வரை வெளியே பெஞ்சில் இருப்பது. எழுந்து போகாமல், யாரையும் கேள்வி கேட்காமல், எவ்வளவு நேரமானாலும் இருப்பேன். நீ கண் விழித்துக் கூப்பிடும்போது அங்கேயே இருப்பேன்.

நான் வரும்வரை நல்லபடியாக இரு. வந்த பிறகும் இரு.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்